தம்பி காரில் நான் மாட்டிய ரேடார் பெட்டி

1

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. மதுரை விளாங்குடி. காலையில் எழுந்ததும் மோட்டாரைப் போட்டேன். மாடியில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். இந்த வீட்டில் இப்போதைக்கு எனக்கென்று இருக்கும் வேலை அது ஒன்றுதான். தம்பி மனைவி சுகந்தி காபி கொடுத்தாள். குடும்ப ஜெபத்தில் தம்பி எபி தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டதால் அவளே பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தாள். இட்லி, தேங்காய்ச் சட்னி. என் சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன். பிறகு நானும் எபியும் ஆட்டோ பிடித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் அவனுடைய கார் கழுவித் துடைத்து நின்றது. அதன் பக்கவாட்டில் ஒருக்களித்து நடந்துதான் தெருவுக்கு வந்தோம்.

மதியம் திரும்பும்போது முடிவாகியிருந்தது. என் தம்பி எபனேசரின் ஓட்டுநர் உரிமம் மூன்று மாதத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

எபி மஞ்சள் நம்பர் பலகை போட்ட ஒரு டூரிஸ்ட் காரைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறவன். மதுரையிலிருந்து திருச்சி விமான நிலையம், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கல்யாண ஓட்டம். அவன் ஓட்டினால்தான் இந்த வீடு ஓடும். நான் கனடாவில் எட்மன்டன் நகரத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். அப்பாவின் மூன்றாம் ஆண்டு நினைவு ஆராதனைக்காக நீண்ட விடுப்பில் வந்தவன், வரும்போது தம்பிக்காக ஒரு பெட்டி கொண்டுவந்தேன். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பனியைப் பற்றியும் அங்குள்ள பள்ளிக்கூடங்களைப் பற்றியும் நான் முன்பு எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, கொடுத்துவைத்தவன் என்று சொன்னவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

2

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடம் நகரத்துக்கு வெளியே, எண்ணெய்த் தொட்டிகள் வரிசையாக நிற்கும் பகுதியில் இருக்கிறது. குளிர்காலத்தில் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. அங்கே போன புதிதில் ஒரு நாள் தபாலில் உறை ஒன்று வந்தது. உள்ளே என் காரின் பின்பக்கப் படம். நம்பர் பலகையை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம். நான் போன வேகம், போயிருக்க வேண்டிய வேகம், அபராதம். யாரும் என்னை நிறுத்தியிருக்கவில்லை. எங்கே இவ்வளவு அவசரம் என்று ஒரு மனிதர் கேட்டிருக்கவில்லை. சாலையோரம் நின்ற ஏதோ ஒரு வண்டிக்குள்ளிருந்த ரேடார் என்னை அளந்து, படம் பிடித்து, உறையில் போட்டு அனுப்பிவிட்டது. தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே போனது. அந்த இடத்தில் வேகப் பலகையைப் பனி மூடியிருந்தது என்று சொல்வதற்கு எந்த எண்ணும் இல்லை.

கூட வேலை பார்ப்பவர்தான் இந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். போலீசின் ரேடார் அலையை, அது நம் வேகத்தை அளப்பதற்கு முன்னாலேயே மோப்பம் பிடித்துக் கத்தும் கருவி. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். முன் கண்ணாடியில் ஒட்டவைத்து, காரிலிருந்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். கத்தினால் வேகத்தைக் குறைத்துவிடலாம். நான் இருக்கும் மாகாணத்தில் அதை வைத்திருப்பது குற்றமில்லை. அதே நாட்டில் கிழக்கே போனால் அணைத்துவைத்திருந்தாலும் குற்றம். ஒரு சனிக்கிழமை, கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கையேட்டை விரித்துவைத்து அதை மாட்டினேன். ஒயர் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியவில்லை. படம் எடுத்து எபிக்கு அனுப்பினேன்.

என் பெட்டி ஒரு பெண் குரலில் பேசும். மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி முடிந்து வரும் நேரமும் நான் கிளம்பும் நேரமும் ஒத்துப்போனதில்லை. ஆகவே பல வருஷங்கள் காலையில் என்னிடம் முதலில் பேசியது அந்தக் குரல்தான். மகள் ரூபி சிறுபிள்ளையாகப் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரலை அப்படியே திருப்பிச் சொல்வாள். எந்த அலை, எவ்வளவு பலம் என்று பெட்டி சொல்லும் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு நான் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பேன். பெட்டிக்கு அவள் தந்த கவனத்தில் பாதியை எனக்குத் தந்ததில்லை. இப்போது டொராண்டோவில் வேலை. கார் இல்லை, வேண்டாம் என்கிறாள். அவள் இருக்கும் மாகாணத்தில் இந்தப் பெட்டிக்குத் தடை. அதைச் சொல்லிக்காட்டுவதில் அவளுக்கு ஒரு திருப்தி.

3

பிப்ரவரியில் எபி கூப்பிட்டான். வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும் கேட்டான்.

"அண்ணே, ஒங் காருல ஒண்ணு கத்துமே, அது எங்க ரோட்டுலயும் கத்துமா?"

இரண்டு முறை அதிவேகத்துக்கு மாட்டியிருந்தான். இரண்டாவது முறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பியிருக்கிறார்கள். "இன்னொரு வாட்டி வந்தா மூணு மாசம் வீட்ல உக்காருன்னுட்டாங்கண்ணே," என்றான். மெதுவாகப் போயேன் என்று நானும் சொன்னேன். அவன் சிரித்தான். ஏழு மணிக்கு வரச் சொன்ன கஸ்டமர் எட்டரைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். திருச்சியில் விமானத்தைப் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். பிடித்துக் கொடுக்காத டிரைவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார். இதுதான் அவன் தொழில்.

உண்மையைச் சொன்னால், எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வீடு என்னிடம் கேட்டதெல்லாம் சென்ட், சாக்லேட், முழங்காலுக்குப் போடும் உறை. எல்லாமே இப்போது டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கிறவை. நான் அதைத் தூக்கிவருவதும் அவர்கள் வாங்கிக்கொள்வதும் இரண்டு பக்கமும் ஒரு மரியாதைக்காக. முதன்முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டார்கள். நல்லதாகப் பார்த்து வாங்கினேன். கையேட்டை அடிக்கோடிட்டுப் படித்தேன். மதுரைப் பக்கத்துப் போலீஸ் கையில் எதை வைத்துக்கொண்டு வேகத்தை அளக்கிறார்கள் என்பதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் தனியே எடுத்துவைத்தார். வயர்லெஸ் கருவி என்றால் அனுமதி வேண்டுமே என்றார். நான் நிதானமாக விளக்கினேன்: இது எதையும் அனுப்பாது, வருவதை வாங்கிக்கொள்ள மட்டும் செய்யும். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "கேக்க மட்டும் செய்யுமாம், பேசாதாம். நல்ல மாப்ள," என்று சொல்லி என் பையில் போட்டுவிட்டார்.

வந்த மூன்றாம் நாள் மாட்டினோம். எபி கார்க் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். நான் ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஒயர் எடுத்து, கதவோரப் பட்டைக்குள் செருகி, கூரைத் துணிக்கு மேலாகக் கண்ணாடி வரை கொண்டுபோனேன். ஒரு சிக்கல் வந்தது. முன் கண்ணாடியின் மேல்பகுதி முழுக்க, எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஒட்டுவதுபோல, வெள்ளி எழுத்தில் ஒரு வசனம் ஒட்டியிருந்தான். பளபளக்கும் உலோகத் தாள். பெட்டியின் மூக்குக்கு முன்னால் அப்படி எதுவும் இருக்கக் கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. கொஞ்சம் கீழே இறக்கினால் டிரைவர் கண்ணை மறைக்கும். கடைசி இரண்டு சொற்களைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றேன்.

சுகந்தி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "வசனத்தச் சுரண்டிட்டு மெஷின வைக்கப்போறீகளா அத்தான்?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. நான் அறிவியல்பூர்வமாகப் பதில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எபி பிளேடால் சுரண்டினான். பாதியில் நின்றுபோன வசனத்துக்குப் பக்கத்தில் பெட்டி உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் ரூபியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். மெதுவாகப் போனால் போதுமே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சித்தப்பாவிடம் தமிழில் சொல் என்று போனை அவனிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தேடி, "சித்தப்பா, மெதுவா," என்றாள். எபி அதை ஒரு வாழ்த்தாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னான்.

4

கோச்சடையில் ஒரு வேப்பமரத்தடிதான் எபியின் ஸ்டாண்டு. ஏழெட்டு டூரிஸ்ட் வண்டிகள் நிற்கும். அந்த ஸ்டாண்டின் பெரிய ஆள் முத்துப்பாண்டி. கோச்சடை விவசாயக் குடும்பம். வயல் பிளாட்டான பிறகு வேன் வாங்கி ஓட்டுகிறார். எபியைவிட மூத்தவர், என்னைவிட இளையவர். முதல் நாள் பெட்டியைப் பார்க்க எல்லோரும் காருக்குள் தலையை விட்டார்கள். எபி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். பெட்டி ஜவுளிக்கடைத் தானியங்கிக் கதவுக்குக் கத்தியது. பெட்ரோல் பங்குக்குக் கத்தியது. பின்னால் வந்த ஒரு புதுக் காருக்கும் கத்தியது. அந்த மாதிரிக் கார்களில் இருக்கும் சென்சாரும் அதே அலையைத்தான் விடும், ஊருக்குள் பெட்டியின் உணர்திறனைக் குறைத்துவைக்க வேண்டும் என்று விளக்கினேன்.

முத்துப்பாண்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு எபியிடம், "ஏன் மாப்ள, கிளி சோசியக்காரன் பெட்டிகூட இம்புட்டுக் கத்தாதே. சீட்டு எடுக்குமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எபியும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்களிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், பெயர் 'ரூட்டு கிளியர்'. முத்துப்பாண்டிதான் அட்மின். மதுரையைச் சுற்றி ஓடும் வண்டிக்காரர்கள் நிறையப் பேர் அதில் இருக்கிறார்கள். எங்காவது போலீஸ் நிற்பதைப் பார்த்தால், தாண்டிப் போனவர் ஓரங்கட்டிக் குரல் செய்தி போட வேண்டும். போலீஸ் என்ற சொல் கிடையாது, சம்பந்தி என்பார்கள். "மேலூர் பாலத்துக்குக் கீழ சம்பந்தி வந்திருக்காக, நாற்காலி போட்டு உக்காந்திருக்காக," என்று வரும். நாற்காலி போட்டிருந்தால் அன்று முழுக்க அங்கேதான் என்று பொருள். இதற்கு ஒரே சட்டம்: கேட்டால் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவரை எடுத்துவிடுவார்கள்.

பெட்டி வந்த பிறகு எபி அந்தக் குரூப்பின் சத்தத்தை அணைத்தான். இரண்டு சத்தமும் சேர்ந்து குழப்புகிறது என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சொல்லப்போனால், ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கவனிப்பது நல்லது என்று கையேட்டு வாசகம்போல நான்தான் சொன்னேன். அவன் கேட்பதை நிறுத்தியதோடு சொல்வதையும் நிறுத்தினான். போலீசைப் பார்த்தபோதும் ஓரங்கட்டவில்லை. ஓரங்கட்டிப் போனை எடுத்துப் பேசுவதற்கு ஆகும் நேரம் இப்போது அவனுக்கு வீணாகத் தெரிந்தது.

ஒரு நாள் அவனுக்குப் பின்னாலேயே வந்த நாகமலைக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார். சுங்கச்சாவடியில் இருவரும் கையசைத்துக்கொண்டதால் எபி முன்னால் போனது அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று குரூப்பில் கேட்டார். எபி அதைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, "எனக்கு மெஷின் சொல்லுது, உங்களுக்கு நான் சொல்லணுமா" என்று விளையாட்டாக எழுதினான். முத்துப்பாண்டி அவனை நீக்கிவிட்டார். நீக்குவதற்கு முன் ஒரே ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். எபி எனக்குப் போட்டுக் காட்டினான்.

"எபி மாப்ள, ஒனக்குத்தான் ஃபாரின் சம்பந்தி கெடச்சிருச்சுல்ல. சந்தோசமா போயிட்டு வா."

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு முறை கேட்டோம். எபியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவர்கள் இல்லாவிட்டால் என்ன என்றேன் நான். எட்மன்டனில் எந்தக் குரூப்பிலும் நான் இல்லை, எனக்கு என்ன குறைந்துவிட்டது என்றும் சொன்னேன். அப்போது எனக்கு அது ஒரு வாதமாகத் தெரிந்தது. ஒரு மனிதரையும் கலக்காமல் காரியத்தை முடித்துக்கொள்வது எப்படி என்று அந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு, ஃபியூஸிலிருந்து கண்ணாடி வரைக்கும் ஒழுங்காக ஒயர் இழுத்துத் தம்பிக்கும் மாட்டிவிட்டேன்.

5

மே கடைசியில் ஒரு நாள். திருச்சி விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, நானும் எபியும் வெறும் வண்டியாகத் திரும்பினோம். சாயங்காலம் மதுரையில் ஒரு கல்யாண ஓட்டம். பெண்ணை அழைத்துவர வேண்டும். துவரங்குறிச்சியில் டீ குடித்தோம். நான் பணம் கொடுக்கப் போனதைத் தடுத்து அவனே கொடுத்தான். நன்றாக இருந்தோம். சின்ன வயதில் அப்பா எங்களை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரே சைக்கிளில் கூட்டிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.

கொட்டாம்பட்டி நெருங்கும்போது எதிர்த் தடத்தில் வந்த லாரி ஒன்று முகப்பு விளக்கைப் பளிச்சென்று போட்டு அணைத்தது. நடுவில் அரளிச் செடி வரிசை இருந்தும் அது நன்றாகத் தெரிந்தது. முன்னால் போலீஸ் நிற்கிறது என்ற அதன் அர்த்தம் இந்த நாட்டில் வண்டி ஓட்டும் யாருக்கும் தெரியும். எபியின் கால் தானாக ஆக்சிலரேட்டரிலிருந்து எழுந்தது. நான் பார்த்தேன். பிறகு பெட்டியைப் பார்த்தான். அது பச்சை விளக்கோடு சும்மா இருந்தது.

"மெஷின் சும்மாதாண்ணே இருக்கு," என்றான். கால் மறுபடி இறங்கியது.

இரண்டாவதாக ஒரு லாரியும் விளக்கைப் போட்டது. அவனும் நானும் பெட்டியைத்தான் பார்த்தோம்.

பெட்டி கத்தியது. அது வரைக்கும் அதன் வாயிலிருந்து வராத ஒரு கத்தல். திரையில் லேசர் என்று எழுத்து ஓடியது. எபி பிரேக்கை மிதித்தான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது எனக்கு அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. ரேடார் அலை பரந்து வரும், அதனால் தொலைவிலேயே தெரியும். லேசர் துப்பாக்கி ஒரு கோடு. அது நம் வண்டியின் மீது பட்டால்தான் பெட்டிக்குத் தெரியும். பட்டுவிட்டால் நம் வேகம் அவர்கள் கையில். பெட்டி கத்தியபோது அளந்து முடித்திருந்தார்கள்.

மரநிழலில் நின்ற ஜீப்பிலிருந்து ஒரு சார்பு ஆய்வாளர் கையை நீட்டி ஓரங்கட்டச் சொன்னார். மரியாதையானவர். வேகத்தைத் திரையில் காட்டினார். எபியின் லைசென்ஸை வாங்கிப் போனில் தட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு குனிந்து கண்ணாடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இது கத்துமா?"

"கத்தும் சார்," என்றான் எபி.

"இப்பக் கத்துச்சா?"

"கத்துச்சு சார்."

"எப்ப?"

"நீங்க அளந்ததுக்கப்பறம்," என்று நான் சொன்னேன்.

"அப்ப நல்லாத்தான் வேலை செய்யுது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊரு?" என்றார்.

விளாங்குடி என்று நானும் கனடா என்று எபியும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் எபி சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார். லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்தார். பெட்டியைப் பறிக்கவில்லை. அதற்கு அவசியம் இல்லை என்று நினைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலக் கல்யாண ஓட்டத்துக்கு எபி வேறொரு வண்டியைப் பேசி அனுப்பினான். ரசீதை வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்றார்கள் சிலர், கூடாது என்றார்கள் சிலர். அவன் அதற்கப்புறம் ஓட்டவில்லை.

6

இன்று அலுவலகத்தில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எபி எழுத வேண்டிய விளக்கத்தை நான்தான் நேற்றே எழுதிக் கொடுத்திருந்தேன். பத்திகள் பிரித்து, தேதி வாரியாக, நல்ல தமிழில். அவன் முறை வந்தபோது நானும் உள்ளே போனேன். அதிகாரி வாசிக்க ஆரம்பித்ததும், சில விஷயங்களை வாய்மொழியாகச் சொல்ல அனுமதி கேட்டேன். நீங்கள் யார் என்றார். அண்ணன் என்றேன். அடையாள அட்டை கேட்டார். என்னிடம் இருப்பது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் அட்டை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க வெளிய இருங்க சார். இதுல நீங்க பேசுறதுக்கு ஒண்ணுமில்ல."

எட்மன்டனில் பேசுவதற்கு மனிதர் இல்லை. இங்கே மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தார், என்னால் பேச முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த சாலை அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எபி வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. "மூணு மாசம்ணே. சாப்பிட்டுப் போவமா?" என்றான். சாப்பிடாமல்தான் வந்தோம்.

வீட்டில் சுகந்தி தாளை வாசித்து மடித்து பைபிளுக்குள் வைத்தாள். ஆடி மாதத்துக்கு முன் இருந்த கல்யாண ஓட்டங்கள், வேளாங்கண்ணி ஓட்டம் எல்லாவற்றையும் எபி போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மற்றவர்களுக்கு மாற்றிவிட்டான். கஸ்டமர்களிடம் உடம்பு சரியில்லை என்றான். கடைசியாக ஒருவரிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னான். அவர் மறுமுனையில் சிரித்தது கூடம் வரைக்கும் கேட்டது.

நான் கொஞ்சம் பணம் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். சுகந்தி நிறுத்தினாள்.

"வேணாம் அத்தான். இருக்கறத வச்சு நாங்க பாத்துக்குறோம். நீங்க இனிமே எதுவும் கொண்டுவராம வந்தாப் போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

சாயங்காலம் எபி காருக்குள் போய் உட்கார்ந்தான். சாவி போடவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்து இருக்கையில் போய் உட்காரலாமா என்று யோசித்து, உட்காரவில்லை. பெட்டியைக் கழற்றவா என்று மட்டும் வாசலில் நின்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே. கழட்டுனா அங்க வெறுமையா இருக்கும்," என்றான்.

அவனுக்கு மூன்று மாதம் கழித்து உரிமம் திரும்ப வரும். அது சட்டப்படி வந்துவிடும். ஆனால் திருச்சி ரோட்டில் அவன் தனியாகத்தான் ஓட வேண்டும். முன்னால் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல ஆளில்லாமல், நான் அந்த ஊரில் ஓட்டுகிற மாதிரி. அப்படி ஓடினால் நான்காவது முறையும் மாட்டுவான். அதற்குப் பிறகு மூன்று மாதத்தோடு விட மாட்டார்கள். இதுவரைக்கும் எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.

ஜூன் 18, புதன். மோட்டார் போடவில்லை, பல் துலக்கவில்லை. எழுந்ததும் முதல் வேலையாக மாடிக்குப் போய் முத்துப்பாண்டியைப் போனில் கூப்பிட்டேன். ஓட்டத்தில் இருந்தார். பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது. ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் சுற்றி வளைக்காமல், எபியை மறுபடி குரூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவன் செய்தது தப்புத்தான், அதில் என் பங்கும் இருக்கிறது என்றேன்.

"குரூப்பு ஓட்டுறவகளுக்குத்தானேண்ணே. அவரு இப்ப ஓட்டலையே," என்றார்.

மூன்று மாதம் கழித்து என்றேன்.

"அப்ப அவரு வந்து கேக்கட்டும்ணே. நீங்க கேக்காதீக. நீங்க ஒங்க ஊருக்குப் போயிருவீக."

சரி என்று போனை வைத்துவிட்டுக் கீழே போய்ப் பல் துலக்கினேன்.